பிரிக்கும் முன் பாருங்கள்: சால்வை, போர்வை, காலுறைப் பின்னலில் வரும் கோளாறுகள்

பின்னலில் ஏதோ கோணலாகத் தெரிந்ததும் கை தானாக ஊசியை உருவப் போகும். கொஞ்சம் பொறுங்கள். பின்னலைப் பொறுத்தவரை கோளாறு தெரியும் இடம் ஒன்று, அது நடந்த இடம் இன்னொன்று. இந்த வரிசையில் கணக்கு இடிக்கிறது என்றால், தவறு அநேகமாக முந்தைய வரிசையிலோ அதற்கும் கீழேயோ நடந்திருக்கும். அந்த இடத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கோளாறுகளைப் பிரிக்காமலே சரிசெய்துவிடலாம். கண்டுபிடிக்காமல் பிரித்தால், மறுபடி பின்னும்போது அதே தவறு அதே இடத்தில் வந்து நிற்கும்.

எல்லா வகைப் பின்னலையும் பேச இடம் போதாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளின் ‘ஹாப்’ சால்வை, அதே போன்ற கார்டர் பின்னலில் (எல்லா வரிசையும் நிட்டாகவே பின்னுவது) செய்யும் போர்வை, துருக்கியின் அனடோலியாப் பக்கத்து இருவண்ணக் காலுறை ஆகிய மூன்றையும் வைத்துச் சொல்கிறேன். இந்த டிசைன்களைப் பார்த்துப் பின்ன ஆரம்பிப்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். ஊசியில் இருக்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்கிறேன். நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (அதன் மறுபக்கப் பின்னல்), யார்ன் ஓவர் (நூலை ஊசி மேல் ஒரு சுற்று சுற்றித் துளை உண்டாக்குவது) எல்லாம் நீங்கள் சொல்வது போலத்தான்.

சால்வையில் கண்ணிக் கணக்கு இடிக்கிறது

ஹாப் என்பது ஷெட்லாந்துப் பெண்கள் அன்றாடம் போர்த்திக்கொண்ட சால்வை. நடுவில் கார்டர் சதுரம், அதைச் சுற்றி அலை அலையாக ஒரு பார்டர், அதற்கும் வெளியே பல் பல்லாக ஒரு விளிம்பு. அலை பார்டருக்குப் பெயர் ‘ஓல்ட் ஷேல்’. நான்கே வரிசைதான், 18 கண்ணிக்கு ஒரு முறை திரும்ப வரும்:

முதல் வரிசை முழுக்க நிட். இரண்டாம் வரிசை முழுக்க பர்ல். மூன்றாம் வரிசையில் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரு நிட், இப்படி மூன்று முறை. பிறகு ஒரு யார்ன் ஓவர், ஒரு நிட், இப்படி ஆறு முறை. மறுபடி இரண்டைச் சேர்த்து மூன்று முறை. நான்காம் வரிசை முழுக்க நிட்.

மூன்றாம் வரிசையில் மட்டும்தான் வேலை. அதில் ஆறு கண்ணி குறைகிறது, ஆறு கூடுகிறது. ஆக 18 எப்போதும் 18தான். இந்த டிசைன் தன் தவறைத் தானே காட்டிக்கொடுக்கும் என்பதற்காகவே புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். ஒவ்வொரு 18க்கும் ஊசியில் ஒரு மார்க்கர் (அடையாள வளையம்) போட்டுவிட்டு, நான்காம் வரிசை பின்னும்போது மார்க்கருக்கு மார்க்கர் எண்ணுங்கள்.

17 வந்தால் ஒரு யார்ன் ஓவர் விட்டுப்போயிருக்கிறது. விசிறி போல் விரியும் இடத்தில் துளைகளை எண்ணினால் ஐந்துதான் இருக்கும். எந்த இரண்டு கண்ணிக்கு நடுவே துளை இல்லையோ, அங்கே கீழே ஒரு நூல் இழை குறுக்காகக் கிடக்கும். இடது ஊசியின் நுனியால் அதை முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகத் தூக்கி ஊசியில் ஏற்றி, சாதாரணமாக முன்பக்கமாகவே நிட் பின்னிவிடுங்கள். பின்பக்கமாகக் குத்திப் பின்னினால் இழை முறுக்கிக்கொண்டு துளை அடைத்துவிடும். இப்படிச் சேர்த்த துளை மற்றவற்றைவிடக் கொஞ்சம் சிறியதாகத் தெரியும். நனைத்து விரித்துக் காயவைத்த பிறகு வித்தியாசம் போய்விடும்.

19 வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். துளை வரக்கூடாத இடத்தில் ஒரு துளை இருந்தால், கவனிக்காமல் நூல் ஊசியில் ஒரு சுற்று கூடுதலாக ஏறியிருக்கிறது. அந்தக் கண்ணியை ஊசியிலிருந்து அப்படியே நழுவ விடுங்கள். மிச்ச நூலை அக்கம்பக்கத்துக் கண்ணிகள் வாங்கிக்கொள்ளும். துளைகள் சரியாக ஆறு இருந்தால், சேர்த்துப் பின்ன வேண்டிய ஜோடி ஒன்று தனித்தனியாக நிற்கிறது. நான்காம் வரிசையிலேயே அந்த இரண்டையும் சேர்த்துப் பின்னிவிடுங்கள். முறைப்படி ஒரு வரிசை கீழே இறங்கிச் சரிசெய்ய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். ஆறு ஜோடிகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் ஒன்று மட்டும் ஒரு வரிசை மேலே இருப்பது யார் கண்ணுக்கும் படாது. அதற்காக மெல்லிய நூலை நோண்டி நார் நாராக்குவது வீண்.

18 சரியாக இருக்கிறது, ஆனால் அலை நகர்ந்துவிட்டது என்பதுதான் கொஞ்சம் மோசமான நிலைமை. கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன, அல்லது மூன்றாம் வரிசையைத் தவறான கண்ணியில் ஆரம்பித்துவிட்டீர்கள். ஓல்ட் ஷேலில் துளைக்கு நேர் மேலே துளைதான் வர வேண்டும். பக்கத்தில் ஒதுங்கியிருந்தால் அந்த வரிசையைப் பிரிப்பதைத் தவிர வழி இல்லை.

இதற்கு முன்னேற்பாடு லைஃப்லைன். பின்னும் நூலைவிட மெல்லியதாக, வழுவழுப்பாக, வேறு நிறத்தில் ஒரு நூலைத் தையல் ஊசியில் கோர்த்து, ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டிவிடுவது. இரண்டாம் வரிசையான பர்ல் வரிசையை முடித்ததும் ஓட்டுங்கள்; அங்கே துளையும் இல்லை, ஜோடியும் இல்லை, கண்ணிகள் தெளிவாக நிற்கும். நூல் மார்க்கருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனால் மார்க்கர் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிரிக்க நேர்ந்தால் தைரியமாக உருவலாம், லைஃப்லைனில் வந்து நின்றுவிடும்.

ஒரு விஷயம்: ஆரம்ப ஓரம் நேராக இல்லாமல் வளைந்து வளைந்து இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். நெருக்கிய இடம் உள்ளே இழுக்கும், துளை உள்ள இடம் வெளியே தள்ளும். அந்த அலைதான் இந்த டிசைனின் அழகே. அதே போல, நான்காம் வரிசை பின்பக்கமாக நிட் பின்னுவதால் முன்பக்கம் ஒரு மேடு வரும். அந்த மேடுகள் நான்கு வரிசைக்கு ஒன்று என்று சீராக இருக்கின்றனவா என்று பார்த்தால், வரிசை எங்கே தப்பியது என்பதும் தெரிந்துவிடும்.

நேராகப் பின்னுகிறேன், ஆனால் அகலம் கூடிக்கொண்டே போகிறது

கார்டர் பின்னும் புதியவர்கள் எல்லோரும் கேட்பது இது. வரிசையின் முதல் கண்ணியை உற்றுப் பாருங்கள். பின்னலைத் திருப்பியதும் நூல் ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் இழுபட்டிருந்தால், முதல் கண்ணி மேலே தூக்கப்பட்டு அதன் இரண்டு கால்களும் தனித்தனியாக ஊசி மேல் வந்து நிற்கும். ஒன்று இரண்டாகத் தெரியும், நீங்களும் இரண்டாகப் பின்னிவிடுவீர்கள். நூலை ஊசிக்குக் கீழாக முன்னால் கொண்டுவந்து லேசாக இழுங்கள்; இரண்டு கால்களும் ஊசிக்குக் கீழே இறங்கி ஒரே கண்ணியாகிவிடும். அதன் பிறகு நிட் பின்ன நூலைப் பின்னால் கொண்டுபோகும்போதும் ஊசிக்குக் கீழாகவே கொண்டுபோங்கள்.

நிட்டும் பர்லும் கலந்த பின்னலில், ஓரத்தில் கூடாமல் வரிசையின் நடுவில் கூடுகிறது என்றால், நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூல் ஊசிகளுக்கு இடையே போகாமல் ஊசி மேலாகப் போகிறது. ஒரு சின்னத் துளையும் கூடவே வரும்.

நடுவில் பெரிய துளையும், அதற்கு ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை உயரமும் கூடியிருந்தால், வேலையை வரிசை பாதியில் வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கும்போது திசை மாறிவிட்டது. எப்போது எடுத்தாலும், பந்திலிருந்து வரும் நூல் வலது கை ஊசியிலிருந்து தொங்க வேண்டும்.

கண்ணி நழுவி ஏணி போல் இறங்குகிறது

முதலில் ஒரு ஊக்கை மாட்டி நிறுத்துங்கள். யோசிப்பதெல்லாம் அப்புறம். ஸ்டாக்கினெட் (ஒரு வரிசை நிட், அடுத்தது பர்ல்) என்றால் குரோஷா ஊசியை (கொக்கி ஊசி) முன்பக்கத்திலிருந்து விட்டு, ஏணியின் கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே மேலே வரலாம். கார்டர் என்றால் ஒரு படி முன்பக்கமாக, அடுத்த படி பின்பக்கமாக மாற்றி மாற்றி இழுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஒரு கோடு மட்டும் வழுவழுவென்று தனித்துத் தெரியும். துளை வரிசைக்குள் இறங்கிவிட்டால், எந்தப் படி யார்ன் ஓவர், எந்தப் படி ஜோடி என்று குழம்பும். லைஃப்லைன் இருந்தால் அதுவரை பிரிப்பதே மேல்.

பின்னி முடித்த சால்வை கசங்கிச் சுருண்டு கிடக்கிறது

இதைக் கோளாறு என்றே சொல்லக்கூடாது. துளை டிசைன் ஊசியிலிருந்து இறங்கும்போது அப்படித்தான் இருக்கும். ஷெட்லாந்தில் சால்வையைத் துவைத்து, ஒவ்வொரு பல்லின் நுனியிலும் கயிறு கோர்த்து, மரச்சட்டத்தில் முளைகளில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அதற்குப் பிறகுதான் சால்வை முடிந்ததாகக் கணக்கு. வீட்டில் சட்டம் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி ஊற வையுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி மேலே அழுத்தி ஈரத்தை எடுங்கள். மெத்தையின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு, சால்வையை விரித்து, பற்களின் நுனி வழியாகப் பருத்தி நூல் ஓட்டி, நூலை இழுத்துக் குண்டூசி குத்துங்கள். நன்றாகக் காயும் வரை எடுக்காதீர்கள். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், மின்விசிறியைப் போட்டுவிட்டால்தான் உலரும்.

சுடுதண்ணீர் ஊற்றிக் கசக்கினால் கம்பளி இறுகித் தடித்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

எல்லாம் செய்தும் குண்டூசியை எடுத்ததும் பழையபடி சுருங்கிவிட்டதா? அப்படியானால் உங்கள் நூல் கம்பளியாக இருக்காது. நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது அக்ரிலிக் என்ற செயற்கை நூல். ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டி மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், மிஞ்சுவது விரலில் பொடியாகும் சாம்பல். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். சூடாக இருக்கும்போது தொடாதீர்கள். அக்ரிலிக்கில் பின்னிய சால்வையை விரித்துக் குத்திவிட்டு, இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் மேலே பிடித்து ஆவி காட்டினால் படியும். பெட்டி பட்டுவிட்டால் அந்த இடம் பளபளத்துத் தொய்ந்துபோகும். ஆவியில் படிந்தது பிறகு மாறவும் மாறாது, அதனால் முதலில் ஒரு மாதிரித் துண்டில் செய்து பாருங்கள்.

மூலைகள் கிண்ணம் போல் குவிகின்றன, ஓரம் இழுக்கிறது

ஹாப்பின் பல் விளிம்பைப் பின்னும்போது விளிம்பில் இரண்டு வரிசைக்குப் பார்டரின் ஒரு கண்ணி செலவாகும். நேர்ப் பக்கங்களில் இது போதும். மூலையைச் சுற்றி வர விளிம்புக்குக் கூடுதல் நீளம் வேண்டும். மூலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில கண்ணிகளில், ஒரே கண்ணியில் இரண்டு முறை மாட்டிப் பின்னுங்கள். குவிந்த மூலையை இழுத்துக் குத்திச் சரிசெய்ய முடியாது; அந்த மூலை விளிம்பை மட்டும் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

விளிம்பு இல்லாமல் நேரடியாக முடிக்கும் சால்வை என்றால், ஒன்றின் மேல் ஒன்றைத் தாண்டவைத்து முடிக்கும் சாதாரண முறை இறுகிவிடும். இரண்டு கண்ணியைப் பின்பக்கமாகச் சேர்த்து நிட் பின்னி, வந்த ஒன்றை இடது ஊசிக்கே திருப்பி ஏற்றி, மறுபடி இரண்டைச் சேர்த்துப் பின்னிக்கொண்டே போங்கள். இரண்டு அளவு பெரிய ஊசியை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எஸ்தோனியாவின் ஹாப்சலு ஊர்ச் சால்வை பின்னுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் வரும் ‘நுப்’ மொட்டுகளில் ஒரே கண்ணிக்குள் ஐந்தோ ஏழோ வளையம் எடுத்து, திரும்பும் வரிசையில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பர்ல். ஊசி நுழையவே மாட்டேன் என்கிறது என்றால், திரும்பும் வரிசையில் மல்லுக்கட்டிப் பயனில்லை. வளையம் எடுக்கும் வரிசையிலேயே ஒவ்வொன்றையும் தாராளமாக உயர்த்தி இழுத்திருக்க வேண்டும். ஊசியில் இருக்கும் இறுகிய மொட்டை இப்போதைக்கு மெல்லிய குரோஷா ஊசியால் இழுத்து முடித்துக்கொள்ளுங்கள்.

போர்வை: சதுரம் சதுரமாக இல்லை, பார்டர் நெளிகிறது

கார்டரில் ஒரு வசதி உண்டு: கண்ணி எத்தனையோ, மேடும் அத்தனை இருந்தால் கிட்டத்தட்டச் சதுரம் வரும். ஒரு மேட்டுக்கு இரண்டு வரிசை, ஆக 40 கண்ணிக்கு 80 வரிசை. அளவு நாடாவை நம்பாமல் மேட்டை எண்ணுங்கள். கார்டர் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

பார்டருக்காக ஓரத்தில் கண்ணி எடுக்கும்போதும் அதே கணக்கு, மேட்டுக்கு ஒன்று. ஸ்டாக்கினெட் ஓரத்தில் நான்கு வரிசைக்கு மூன்று. பார்டர் நெளிந்து அலையடித்தால் அதிகம் எடுத்துவிட்டீர்கள், உள்ளே இழுத்தால் குறைவு.

ஸ்டாக்கினெட் போர்வையின் ஓரம் சுருளுவது அந்தப் பின்னலின் இயல்பு. எவ்வளவு நனைத்து இழுத்தாலும் மறுபடி சுருளும். நான்கு பக்கமும் கார்டரில் நல்ல அகலமான ஓரம் கொடுங்கள். முழுப் போர்வையும் ஒரே பக்கம் சாய்ந்தால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். ஒற்றை இழையை முறுக்கிச் செய்த நூலில் அந்தச் சாய்வு வரும். அத்தகைய நூலை கார்டருக்கு வைத்துக்கொள்வது நல்லது.

காலுறை: டிசைன் நன்றாக இருக்கிறது, கால் உள்ளே போகவில்லை

அனடோலியக் காலுறை விரல் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறும். சுற்றுக்கு இரண்டு வண்ணம். பின்னாத வண்ணம் உள்பக்கமாகக் குறுக்கே ஓடும். அந்த ஓடும் நூல் இறுகினால் காலுறையின் விரிவே போய்விடும், குதிகாலைத் தாண்டாது. உள்ளே புரட்டிப் பாருங்கள்: நூல்கள் தந்தி போல் விறைத்து நின்றால் அதுதான் காரணம். லேசான இறுக்கம் நனைத்தால் போகும், விறைத்தது போகாது.

வண்ணம் மாற்றும் முன் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை நன்றாக விரித்துவிட்டு மாற்றுங்கள். உள்பக்கம் வெளியே இருக்கும்படி திருப்பிப் பின்னினால், ஓடும் நூல் சுற்றளவின் வெளிப்புறத்தில் போகும், தானாகவே நீளம் கிடைக்கும். ஒற்றை வண்ணத்துக்கு எடுக்கும் ஊசியைவிடக் கால் அல்லது அரை மில்லிமீட்டர் பெரியதாக எடுங்கள். ஒற்றை வண்ணக் காலுறை பாதத்தின் சுற்றளவைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு சிறியதாக இருந்தால்தான் நழுவாது, 22 செ.மீ. பாதத்துக்கு 20 செ.மீ. இருவண்ணத்துக்கு அவ்வளவு குறைக்காதீர்கள், அது அந்த அளவு விரியாது.

ஒரு காலுறையில் டிசைன் பளிச்சென்று, இன்னொன்றில் மங்கலாக இருந்தால் நூல்களின் இடம் மாறியிருக்கிறது. உள்ளே ஓடும் இரண்டு நூலில் கீழிருந்து வரும் நூலின் கண்ணிகள் கொஞ்சம் பெரிதாகி முன்னே துருத்தும். டிசைன் வண்ணம் எப்போதும் கீழிருந்தே வரட்டும். வேலையை எடுத்துவைக்கும் முன் எது கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே ஏணிக்கோடு விழுந்தால், புதிய ஊசியின் முதல் கண்ணியை எல்லோரும் இழுத்து இறுக்குவார்கள். இரண்டாவது கண்ணியைப் பின்னிய பிறகு இழுங்கள், அப்போதுதான் முதல் கண்ணி இறுகும். சில சுற்றுக்கு ஒரு முறை ஊசி மாறும் இடத்தை ஒன்றிரண்டு கண்ணி நகர்த்தினாலும் கோடு மறையும்.

குதிகால் மூலையில் ஓட்டை, அல்லது குதிகால் பின்னால் தொங்குகிறது

அனடோலியாப் பக்கத்துக் காலுறைகளில் பலவற்றில் குதிகாலைக் கடைசியில்தான் போடுவார்கள். குதிகால் வர வேண்டிய இடத்தில் பாதிக் கண்ணிகளை வேறொரு நூலால் பின்னிவிட்டு மேலே போய்விடுவது. பிறகு அந்த நூலை உருவி, மேலும் கீழும் திறக்கும் கண்ணிகளை ஊசியில் எடுத்து, விரல் நுனி போலவே குறைத்து முடிப்பது.

மூலை ஓட்டைக்கு வழி எளிது. நூலை உருவிக் கண்ணி எடுக்கும்போது இரண்டு மூலைகளிலும் கூடுதலாக ஒன்றிரண்டு கண்ணி எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துக் குறைத்துவிடுங்கள். பின்னி முடித்த பிறகுதான் கவனித்தீர்கள் என்றால், உள்பக்கம் தொங்கும் நூல்வாலால் ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டி இழுத்துக் கட்டினாலும் போதும்.

காலுறை நீண்டு குதிகால் பின்னால் தொங்கினால், மாற்று நூலைப் பாதத்தின் முழு நீளத்துக்குப் பின்னிய பிறகு வைத்திருக்கிறீர்கள். குதிகாலே பின்னால் நாலைந்து சென்டிமீட்டர் சேர்க்கும். அவ்வளவு முன்பாகவே நூலை வைக்க வேண்டும். உங்கள் விரல் நுனிப் பகுதியின் நீளம் எவ்வளவோ, குதிகாலும் ஏறக்குறைய அவ்வளவுதான், அளந்து கழித்துக்கொள்ளுங்கள். மேற்பாதத்தில் பிடிக்கிறது என்றால் குதிகால் ஆழம் போதவில்லை. குறைக்க ஆரம்பிக்கும் முன் குறைக்காமல் இரண்டு மூன்று சுற்று பின்னுங்கள்.

குதிகால் தேய்ந்து கிழிந்துவிட்டது என்று காலுறையை ஒதுக்க வேண்டாம். இப்படிப் போட்ட குதிகாலை மட்டும் தனியாகக் கழற்றலாம். குதிகால் ஆரம்பித்த இடத்துக்கு ஒரு சுற்று மேலே, காலுறையின் உடல் பக்கத்துக் கண்ணிகள் எல்லாவற்றையும் முதலில் மெல்லிய ஊசியில் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு குதிகால் பக்கத்து நூலில் ஒரு இடத்தில் மட்டும் வெட்டி, மெதுவாக உருவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பின்னுங்கள். கம்பளியோடு நாலில் ஒரு பங்கு நைலான் கலந்த நூல் குதிகாலுக்கு நன்றாக உழைக்கும். காலுறை முடிந்ததும் மிஞ்சும் நூலைத் தூக்கிப் போடாமல், அந்த ஜோடியோடு சேர்த்துச் சின்னப் பந்தாகச் சுற்றி வையுங்கள். அதே சாயம் பிறகு கடையில் கிடைக்காது.